காது கழுவுதல்: செவிலியருக்கான பாதுகாப்பான செய்முறை

மருத்துவமனைப் பிரிவுகளில் செவிலியர் செய்யும் பணிகளில் காது கழுவுதல் எளிய வேலை என்று பெயர் பெற்றுவிட்டது. ஊசி குத்துவதில்லை, தையல் போடுவதில்லை, ஒரு சிரிஞ்சும் வெதுவெதுப்பான நீரும் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, நோயாளியும் உடனே நன்றாகக் கேட்கிறது என்று மகிழ்ந்து எழுந்து போகிறார். ஆனால் பெரியவர் ஒருவரின் காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமே உடையது. அதன் முடிவில் இருக்கும் செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு குறுகிய, மறுமுனை அடைபட்ட ஒரு குழாய்க்குள் அழுத்தத்துடன் நீரைச் செலுத்துகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த வேலையில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பது தெளிவாகும். உள்ளே போகும் நீருக்குத் திரும்பி வெளியேற வழி இருக்க வேண்டும். இதில் வரும் விதிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்கின்றன.

குறும்பியை எப்போது அகற்ற வேண்டும்

குறும்பி என்பது காதில் சேரும் அழுக்கு என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது காதுக்குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் உள்ள சுரப்பிகள் சுரக்கும் பொருளும், உதிர்ந்த தோல் செதில்களும், மயிரும் தூசியும் கலந்த ஒரு பாதுகாப்புப் பூச்சு. சற்றே அமிலத் தன்மை கொண்டிருப்பதால் நுண்ணுயிர்களையும் பூஞ்சையையும் அது கட்டுக்குள் வைக்கிறது. நீர் ஊறாமல் தோலைக் காக்கிறது. காதுக்குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதாலும், மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதாலும் குறும்பி தானாகவே வெளியே வந்து உதிர்ந்துவிடும். ஆகவே தொந்தரவு தராத குறும்பியை, கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

காது அடைப்பு, கேட்கும் திறன் குறைவு, இரைச்சல், அரிப்பு, காரணம் புலப்படாத வறட்டு இருமல் ஆகியவை இருந்து, அவற்றுக்குக் குறும்பியே காரணம் என்று தோன்றினால் கழுவலாம். செவிப்பறையைக் கட்டாயம் பார்த்தாக வேண்டிய நிலையிலும், கேட்கும் கருவிக்கு அச்சு எடுக்கவோ செவித்திறன் சோதனை செய்யவோ குறும்பி தடையாக இருக்கும்போதும் கழுவலாம். இருமல் வருவதற்குக் காரணம், மூளையிலிருந்து தொண்டை, இதயம் வரை செல்லும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காதுக்குழாயின் தோலில் பரவியிருப்பதுதான். இந்த நரம்பைப் பின்னர் இன்னொரு முறையும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

முதியோரிடம் குறும்பி உலர்ந்து கெட்டியாகிறது; காது மயிரும் தடித்துவிடுகிறது. கேட்கும் கருவி அணிவோருக்கு அந்தக் கருவியே வாசலை அடைத்து நிற்கிறது. பஞ்சுக் குச்சி, தீக்குச்சி, கொண்டை ஊசி, கோழி இறகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைபவர்கள் வெளியே வரவிருந்த குறும்பியை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்திவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாளோ, கிணற்றில் நீந்திவிட்டு வந்த மாலையிலோ திடீரென்று காது அடைத்துக்கொண்டது என்று சொல்லி வருபவர்களில் பலருக்கு, முன்பே அங்கே இருந்த குறும்பி நீரில் ஊறிப் பருத்ததே காரணமாக இருக்கும்.

தண்ணீரைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

காது கழுவுதலில் நேரும் பெரிய தீங்குகளில் பல, கழுவவே கூடாத காதைக் கழுவியதால் நேர்பவை. எனவே மருத்துவரின் எழுத்து ஆணை இருந்தாலும் செவிலியர் தாமே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது கடமை. ஆணை எழுதப்பட்ட அவசரத்தில் கேட்கப்படாமல் போன ஒரு விவரம், படுக்கையருகே அமைதியாகக் கேட்கும்போது வெளிவருவது உண்டு.

முதற்கேள்வி காதில் சீழ் வந்திருக்கிறதா என்பது. நம் நாட்டில் நடுச்செவியில் நாட்பட்ட சீழ் நோய் பரவலாக இருப்பதால், சிறு வயதில் ஏற்பட்ட ஓட்டை ஆறாமலே இருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலருக்கு அது தெரியாது. ‘காதில் ஓட்டை இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை சிஸ்டர்’ என்றே பதில் வரும். ‘ஐயா, சின்ன வயசுல காதுல சீழ் வடிஞ்சிருக்கா? சளி பிடிச்சா காதுலேர்ந்து தண்ணி மாதிரி வருமா? காதுக்குச் சொட்டு மருந்து விட்டா தொண்டையில கசக்குமா?’ என்று கேட்டால் உண்மை கிடைக்கும். காதில் விட்ட மருந்தின் சுவை தொண்டையில் தெரிந்தால், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும். ஓட்டையுள்ள காதில் நீர் நடுச்செவிக்குள் சென்று தொற்றை உண்டாக்கும்.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர், கடந்த ஓராண்டுக்குள் ஓட்டை ஏற்பட்டவர் அல்லது சீழ் வந்தவர், கடந்த ஆறு வாரங்களுக்குள் நடுச்செவித் தொற்று கண்டவர், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், செவிப்பறையில் காற்றுக்குழல் பொருத்தப்பட்டவர், அண்ணப்பிளவு உடையவர் (அது தைத்துச் சரிசெய்யப்பட்டிருந்தாலும்), இப்போது காதுக்குழாயில் வலியும் வீக்கமும் உள்ளவர், முன்பு ஒருமுறை கழுவியபோது தீங்கு நேர்ந்தவர் ஆகியோருக்குக் கழுவக் கூடாது. இவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; அவர் நுண்நோக்கியின் கீழ் உறிஞ்சுக் குழலால் நீரின்றியே எடுத்துவிடுவார். ஒரு காது முற்றிலும் கேளாதவரின் கேட்கும் காதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே எண்ண வேண்டும். அபாயம் மற்றவர்களுக்கு இருக்கும் அளவே இவருக்கும் இருக்கலாம், ஆனால் நேர்ந்துவிட்டால் இழப்பு முழுமையானது.

சர்க்கரை நோயாளிகளையும் நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். காதுக்குழாயின் தோலில் ஏற்படும் சிறு கீறலும் ஈரமும் சேர்ந்து, சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் எலும்பு வரை பரவும் கொடிய புறச்செவித் தொற்றுக்கு இவர்களிடம் இடம் கொடுக்கக்கூடும். உறிஞ்சும் வசதி கிடைக்குமானால் இவர்களுக்கு அதுவே மேல். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு உராய்வும் இரத்தக் கசிவாகும் என்பதால் மருத்துவரிடம் தெரிவித்த பின்பே தொடங்க வேண்டும். அசையாமல் உட்கார முடியாத குழந்தைக்கும், மனக்குழப்பத்தில் கையைத் தட்டிவிடும் முதியவருக்கும் பிடித்து வைத்துக் கழுவுவது எவ்விதத்திலும் சரியன்று.

காதுக்குள் இருப்பது குறும்பிதானா என்பதும் முக்கியம். குழந்தைகள் காதில் போட்டுக்கொள்ளும் பட்டாணி, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை போன்றவை நீரில் ஊறிப் பருத்துக் குழாயை இறுக அடைத்துவிடும். பொத்தான் வடிவ பேட்டரி இருந்தால் நீர் பட்ட மாத்திரத்தில் அரிப்பு வேகம் பிடிக்கும். சில மணி நேரத்தில் திசுவைப் பொசுக்கிவிடும். இவ்விரண்டுக்கும் நீர் ஆகாது. பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உயிருள்ள பூச்சி புகுந்திருந்தால், செவிப்பறை நலமாக இருக்கிறது என்ற உறுதியும் மருத்துவரின் ஆணையும் இருக்கும் நிலையில், முதலில் எண்ணெய் விட்டு அதைக் கொன்ற பின்பே அகற்ற வேண்டும். உயிருடன் துடிக்கும் பூச்சி மீது நீரைப் பாய்ச்சினால் அது உள்நோக்கியே போகும்.

இன்னொரு செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காது திடீரென்று கேட்கவில்லை என்று வருபவரிடம் குறும்பி இருப்பதைக் கண்டதும், அதுதான் காரணம் என்று மனம் முடிவு கட்டிவிடும். உட்செவி நரம்பு திடீரெனப் பாதிக்கப்பட்டுக் கேட்கும் திறன் போகும் நோயும் இப்படித்தான் தொடங்குகிறது. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை விரைவில், இயன்றவரை முதல் இரண்டு வாரங்களுக்குள், தொடங்க வேண்டும். குறும்பியைக் கரைக்கச் சொட்டு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னால், அந்த அரிய நாட்கள் வீணாகிவிடும். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒலிக்கும் இருமுள் உலோகக் கவை) இருக்குமானால் அதைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்து, எந்தப் பக்கம் ஒலி கேட்கிறது என்று கேளுங்கள். குறும்பி அடைப்பு என்றால் அடைபட்ட காதில்தான் உரக்கக் கேட்கும். நன்றாக இருக்கும் காதில் கேட்கிறது என்றால் நரம்புப் பாதிப்பை ஐயுற்று, அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரை நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையைச் செவிலியர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காதைப் பார்த்தல்

காதுக்குள் பார்க்க உதவும் விளக்குக் கருவியான ஆட்டோஸ்கோப் இல்லாமல் கழுவக் கூடாது. நல்ல காதை முதலில் பாருங்கள். அது ஒப்பிட்டுப் பார்க்க உதவும், தொற்று இருந்தால் அது நல்ல காதுக்குப் பரவாமலும் இருக்கும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். மடலை இழுக்கும்போதே வலித்தாலும், காதின் முன்புள்ள சிறு மேட்டை அழுத்தும்போது வலித்தாலும் அது புறச்செவித் தொற்றின் அறிகுறி. கழுவுவதை ஒத்திவைக்க வேண்டும். கறுப்புப் புள்ளிகளோடு ஈரமான சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர ஊர்களில் இது அடிக்கடி காணப்படுவது. நீர் விட்டால் பூஞ்சைக்கு அதுவே உரமாகும்.

குறும்பியின் நிறம், கெட்டித் தன்மை, அது குழாயை முழுவதும் அடைத்திருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி இருந்தால் அது எந்தப் பக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். நீர் அந்த வழியாகத்தான் குறும்பியின் பின்புறம் போய்ச் சேரும்.

முன்கூட்டியே மென்மையாக்குதல்

குறும்பி குழாயை முழுவதும் அடைத்திருந்து கெட்டியாகவும் இருந்தால், செலுத்தும் நீர் அதன் பின்னால் போக வழியில்லை. அழுத்தம் முழுவதும் குறும்பியையே உள்நோக்கித் தள்ளும். கெட்டியான அந்தக் கட்டி செவிப்பறையில் போய் அழுந்தும். வலிக்கும் காயத்துக்கும் இதுவே பொதுவான காரணம். ஆகவே மென்மையாக்காத கெட்டிக் குறும்பியைக் கழுவ முயலக் கூடாது.

மருத்துவர் பரிந்துரைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ, ஆலிவ் எண்ணெயோ, குறும்பி கரைப்பதற்கென்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் வேறு சொட்டுகளோ போதும். இவற்றில் ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக உயர்ந்தது என்று சொல்வதற்கில்லை. கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் சேர்ந்த மருந்துகளை அந்தப் பருப்புகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து சொட்டுகள் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் விடலாம். புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, அடைபட்ட காது மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கச் செய்து, சொட்டு விட்ட பின் ஐந்து நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். குறும்பி ஊறும்போது காது முன்னைவிட அதிகமாக அடைத்தது போலத் தோன்றும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிட மாட்டார்கள். வீட்டில் எண்ணெயைக் காய்ச்சிச் சூடாக ஊற்றும் பழக்கம் இருக்கிறதா என்பதைக் கேட்டு, அது காதுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும் என்று பொறுமையாக விளக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு இந்தச் சொட்டுகளும் ஆகா.

சொட்டு விட அவகாசம் இல்லாதபோது, கழுவுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு வெதுவெதுப்பான நீரையோ நார்மல் சலைன் என்னும் உப்புக் கரைசலையோ காதில் நிரப்பி வைத்தாலும் ஓரளவு பயன் கிடைக்கும்.

நீரின் வெப்பம்

நீர் 37 டிகிரி செல்சியஸ், அதாவது உடல் வெப்பத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வியன்னாவில் பணியாற்றிய ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், காது கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று முறையிடுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீர் என்றால் கண்கள் ஒரு திசையிலும், சூடான நீர் என்றால் அதற்கு எதிர்த் திசையிலும் துடிப்பதைக் கண்டார். காதுக்குழாய்க்கு மிக அருகில் இருக்கும் அரைவட்டக் குழலுக்குள் உள்ள திரவம் குளிரும்போதும் சூடாகும்போதும் ஓட்டம் கொள்வதே இதற்குக் காரணம் என்று விளக்கினார். உடல் சமநிலை உறுப்பு குறித்த ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இன்றும் தலைசுற்றல் நோயை ஆராயும்போது வேண்டுமென்றே 30 டிகிரி நீரையும் 44 டிகிரி நீரையும் காதில் விட்டுச் சோதிக்கிறார்கள். உடல் வெப்பத்திலிருந்து ஏழு டிகிரி குறைந்தாலும் கூடினாலும் ஒருவரைத் தலைசுற்ற வைத்துவிடலாம் என்பது இதன் பொருள்.

நம் ஊர் மருத்துவமனை ஒன்றின் அலமாரியிலிருந்து எடுத்த சலைன் புட்டி பெரும்பாலான நாட்களில் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும். தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சி என்றே தோன்றாது. ‘ரூம் டெம்பரேச்சர்தானே, போதும்’ என்று அதை அப்படியே சிரிஞ்சில் எடுத்தால், அந்தச் சோதனைக்கு உரிய வெப்பநிலையிலேயே காதைக் கழுவுகிறோம். மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து வந்த கை ஒன்றைச் சொல்லும், வெயிலிலிருந்து வந்த கை வேறொன்றைச் சொல்லும். வெப்பமானியால் அளந்துவிடுவதே வழி. சலைன் கிண்ணத்தைச் சுடுநீர் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் வைத்தால் சூடு சில நிமிடங்கள் நிலைக்கும். ஒரு காதை முடித்து மற்றொன்றைத் தொடங்கும்போது மீண்டும் அளக்க வேண்டும், ஏனெனில் அதற்குள் நீர் ஆறியிருக்கும்.

நார்மல் சலைன் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய குடிநீரைப் பயன்படுத்தலாம். குழாய் நீரை நேராகப் பயன்படுத்த வேண்டாம்.

கருவி

பழைய உலோகச் சிரிஞ்சுகள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அவற்றின் உந்துதண்டு இறுகிப் பிடித்து, அழுத்த அழுத்த நகராமல், பின்பு திடீரென்று விடும். அழுத்தத்தை அளவிட வழியே இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் கைச்சிரிஞ்சால் காது கழுவுவதையே வேண்டாம் என்று சொல்லி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியையோ உறிஞ்சுக் குழலையோ பரிந்துரைக்கிறது. அத்தகைய மின்கருவி இருந்தால் மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டலாம். முனையை ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மின்கருவி இல்லாத இடங்களில் 20 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சில் மென்மையான முனை பொருத்திச் செய்வதே நடைமுறை. இரத்தக் குழாயில் மருந்து ஏற்றப் பயன்படும் ஐவி கானுலாவை (18 கேஜ், ஊசி நீக்கியது) அல்லது ஊசியை வெட்டி எறிந்த பட்டர்ஃபிளை குழலை முனையாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கானுலாவின் நீளம் காதுக்குழாயின் நீளத்தைவிட அதிகம். முழுவதும் உள்ளே போனால் செவிப்பறையைத் துளைத்துவிடும். ஆகவே தேவையான அளவுக்கு நேராக வெட்டி, வெட்டிய விளிம்பு கூராக இல்லை என்பதை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, முனை திருகிப் பூட்டும் லூயர் லாக் சிரிஞ்சையே எடுங்கள். வெறுமனே செருகிய முனை அழுத்தத்தில் கழன்று அம்பு போல உள்ளே பாயக்கூடும்.

இவற்றுடன் கிட்னி ட்ரே (வளைந்த சிறு தட்டு), மெக்கின்டாஷ் (நீர் புகாத ரப்பர் விரிப்பு), துண்டு, கையுறை, பஞ்சு, கழிவு வாளி, ஆட்டோஸ்கோப், வெப்பமானி, இரு கைகளையும் விடுவிக்கும் தலைவிளக்கு ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தலைவிளக்கை ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். நீர் எங்கே போகிறது என்று தெரியாமல் கழுவக் கூடாது.

செய்முறை

நோயாளியிடம் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ‘அம்மா, வெதுவெதுப்பான தண்ணி விடப் போறேன். உள்ளே இரைச்சலாக் கேக்கும், அது சகஜம்தான். வலிச்சாலோ தலை சுத்தினாலோ தலையை அசைக்காதீங்க, கையை மட்டும் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்’ என்று சொன்னால் பாதி அச்சம் நீங்கிவிடும். காது கேளாதவரிடம் பேசுகிறோம் என்பதை மறக்காமல், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் நின்று, முகம் தெரியப் பேச வேண்டும். கழுவும் முன் அவரால் கிசுகிசுப்பைக் கேட்க முடிகிறதா என்று இரு காதிலும் சோதித்து எழுதிக்கொண்டால், பின்னர் ஒப்பிட உதவும்.

கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள நாற்காலியில் அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். கேட்கும் கருவி, காதணி ஆகியவற்றைக் கழற்றிப் பாதுகாப்பாக வையுங்கள். தோளில் மெக்கின்டாஷும் அதன் மேல் துண்டும் போர்த்தி, கழுத்தோடு ஒட்டிக் காதுக்குக் கீழே கிட்னி ட்ரேயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுக்கம் உள்ளவரானால் உதவியாளர் பிடிக்கட்டும். கழுவும் காதின் பக்கம் தலை சற்றே சாய்ந்திருந்தால் நீர் எளிதில் வடியும். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குத் தலைப்பக்கத்தை இயன்றவரை உயர்த்தி இதே போலச் செய்யலாம். செவிலியரின் கண் காதின் மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து செய்தால் நீர்த்தாரை தானாகவே கீழ்நோக்கித் திரும்பிவிடும்.

சிரிஞ்சில் நீரை எடுத்து, காற்றை முழுவதும் வெளியேற்றி, முதல் சில மில்லிலிட்டரை ட்ரேயில் விட்டுவிடுங்கள். முனைக்குள் இருந்த ஆறிய நீர் அதனால் வெளியேறும், நோயாளிக்கும் ஒலி பழகும். இடக்கையால் மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். சிரிஞ்சைப் பிடித்த கையின் ஓரம் நோயாளியின் கன்னத்திலோ காதுக்குப் பின்னுள்ள எலும்பிலோ பதிந்திருக்கட்டும். அப்போதுதான் அவர் இருமினாலோ தலையைத் திருப்பினாலோ கையும் கூடவே நகரும், முனை உள்ளே குத்தாது. முனையை வாசலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாகவே நுழைக்க வேண்டும். வெளிப்புறக் குருத்தெலும்புப் பகுதியைத் தாண்டினால் எலும்பின் மீது மெல்லியதாய் ஒட்டியிருக்கும் தோலில் படும், அது தொட்டாலே வலிக்கும், எளிதில் கசியும்.

நீரைக் குழாயின் மேற்புறப் பின்சுவரை நோக்கிச் செலுத்துங்கள். வாசலை ஒரு கடிகார முகமாகக் கொண்டால், வலக்காதில் 11 மணி திசை, இடக்காதில் 1 மணி திசை. சுவரை ஒட்டி ஓடும் நீர் குறும்பியின் மேலோரமாகப் பின்னே சென்று, செவிப்பறைக்கும் குறும்பிக்கும் இடையில் தேங்கி, அங்கிருந்து திரும்பும்போது குறும்பியை வெளியே தள்ளிக்கொண்டு வரும். நேராக நடுவில் செலுத்தினால் குறும்பி உள்ளே போகும், அல்லது நீர் செவிப்பறையில் நேராக மோதும். முனையும் விரலும் சேர்ந்து வாசலை அடைத்துவிடாமல் இருப்பதையும் இங்கே கண்காணிக்க வேண்டும். நுழைந்த நீர் அதே வேகத்தில் வடிந்து ட்ரேயில் விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளே போவது தெரிந்து வெளியே வருவது குறைந்தால், கையை எடுத்து மறுபடி ஆட்டோஸ்கோப்பால் பாருங்கள்.

அழுத்தம் மிதமாகவும் சீராகவும் இருக்கட்டும். குறும்பி வரவில்லை என்று வேகத்தைக் கூட்டுவதே இந்தச் செய்முறையில் கைக்கு எழும் மிகப் பெரிய ஆசை; அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. திசையைச் சற்று மாற்றிப் பாருங்கள். ஓரத்தில் இடைவெளி கண்டிருந்தால் அதை நோக்கிச் செலுத்துங்கள். இரண்டு மூன்று சிரிஞ்சுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, காதுக்குள் பார்த்து, ட்ரேயில் என்ன விழுந்திருக்கிறது என்று கவனித்து, ‘எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். ஒரு காதுக்கு ஓர் அமர்வில் அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். குறும்பி வெளியேறிச் செவிப்பறை தெரிந்துவிட்டால் அத்துடன் முடித்துவிட வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்குக்காக மேலும் கழுவுவதில் நன்மையில்லை.

வரவே இல்லையென்றால், காதில் வெதுவெதுப்பான நீரை நிரப்பிப் பதினைந்து நிமிடம் காத்திருந்து இன்னும் ஒரே ஒரு முறை முயலலாம். அல்லது மேலும் சில நாட்கள் சொட்டு விட்டு வரச் சொல்லலாம். இரண்டாம் முறையும் பலிக்காவிட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். கொக்கியோ இடுக்கியோ எடுத்து உள்ளே துழாவுவது செவிலியரின் வேலை அன்று.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

வலி என்று நோயாளி கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்; முறையாகச் செய்யும் காது கழுவுதல் வலிக்காது. ‘இன்னும் கொஞ்சந்தான், பொறுத்துக்கோங்க’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. குத்தும் வலியோடு கேட்கும் திறன் சட்டென்று குறைந்தாலும், தொண்டைக்குள் நீர் இறங்குவதாகச் சொன்னாலும், வடியும் நீரில் இரத்தம் தெரிந்தாலும் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அந்தக் காதில் அதன் பின் ஒரு சொட்டு நீரோ மருந்தோ விடாமல், வாசலில் உலர்ந்த பஞ்சை மட்டும் வைத்து உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சிறு கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே கூடிவிடும் என்றாலும், மருத்துவர் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

தலை சுற்றினால் நீரின் வெப்பத்தை மீண்டும் அளந்து பாருங்கள். நோயாளியைக் கண்களைத் திறந்து ஒரே பொருளை உற்று நோக்கியபடி அமர்ந்திருக்கச் செய்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். முகம் வெளிறி, வியர்த்து, நாடித் துடிப்பு குறைந்தால் அது முன்பு சொன்ன வேகஸ் நரம்பின் வேலை. உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். முதியவர் ஒருவரைத் தனியே நாற்காலியில் விட்டுவிட்டுக் குறும்பியைக் காட்ட உறவினரைக் கூப்பிடப் போவது போன்ற சிறு கவனக்குறைவுகள் விழுந்து எலும்பு முறிவதில் முடியும்.

கழுவிய பின்

தலையை அந்தப் பக்கம் நன்றாகச் சாய்க்கச் செய்து, எஞ்சிய நீரை வடியவிட்டு, வாசலைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேங்கிய ஈரமே பின்னர் தொற்றாக மாறுகிறது. மீண்டும் ஆட்டோஸ்கோப்பால் பார்த்துச் செவிப்பறை முழுமையாக இருக்கிறதா, குழாயில் கீறல் உண்டா என்பதை உறுதி செய்யுங்கள். செவிப்பறை லேசாகச் சிவந்திருப்பது வெதுவெதுப்பான நீரால் நேர்வது, அது விரைவில் மறையும். கிசுகிசுப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். குறும்பி முழுவதும் போன பிறகும் கேட்கும் திறன் திரும்பவில்லையென்றால், அதற்கு வேறு காரணம் இருக்கிறது. ‘போகப் போகச் சரியாகும்’ என்று சொல்லி அனுப்பாமல் செவித்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கழுவிய பின் காதின் அமிலத் தன்மையை மீட்கும் சொட்டு மருந்து தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி நாற்காலியிலிருந்து எழும்போது அருகில் நில்லுங்கள். அடுத்த சில நாட்கள் குளிக்கும்போது வாசலின் வெளிப்புறத்தில் வாசலைன் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளவும், நீச்சலைத் தவிர்க்கவும், காதைக் குடையாமல் இருக்கவும் சொல்லுங்கள். கேட்கும் கருவியைக் காது நன்றாக உலர்ந்த பிறகே அணிய வேண்டும். வலி, நீர் வடிதல், துர்நாற்றம், புதிதாக இரைச்சல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் திரும்பி வரச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் ஆழ்ந்த காது வலி ஏற்பட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம் என்பதை அவரிடமும் உடன் வந்தவரிடமும் தனித்தனியே சொல்லிவிடுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், யாருடைய ஆணை, எதற்காகக் கழுவப்பட்டது, ஒப்புதல், எந்தக் காது, கழுவும் முன் கண்டது, பயன்படுத்திய திரவமும் அதன் அளவும் வெப்பமும், வெளியே வந்த பொருளின் தன்மை, நோயாளி எப்படித் தாங்கிக்கொண்டார், கழுவிய பின் செவிப்பறையின் நிலை, சொன்ன அறிவுரைகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ‘காது கழுவப்பட்டது’ என்ற ஒற்றை வரி அடுத்த முறை அவரைப் பார்க்கும் செவிலியருக்கு எதையும் சொல்லாது. அரைகுறையாக விட்டிருந்தாலோ, வலியால் நிறுத்தியிருந்தாலோ அதையும் உள்ளபடியே எழுதுங்கள். முன்பு கழுவியபோது தொந்தரவு நேர்ந்ததா என்ற கேள்விக்கு அடுத்தவர் விடை தேடும் இடம் அதுதான்.